அடுத்த வீடு எங்கே?

தோழர்களே! தொலைக்காட்சித் தொடர் என்றதும், "பெண்டிர் பொழுதுபோக்கு" என்று எள்ளி நகையாடுவோர் நம் பாசறையிலும் உண்டு. நகைப்பை நிறுத்துங்கள்! பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நட்டு, இரவில் கால் நீட்டி அமரும் தாய்க்கு நாள்தோறும் கதை சொல்ல நாம் சென்றோமா? இல்லை. தொடர் சென்றது.

ஆகவே, அவள் ஏன் பார்க்கிறாள் என்பதன்று வினா. அவளுக்கு எதைக் காட்டுகிறார்கள் என்பதே வினா!

1999இல் 'சித்தி' வந்தது. 2002இல் வந்த 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் அல்லலைக் கூறிற்று. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' சொந்தக் காலில் நின்று தொழில் நடத்தும் பெண்ணைக் காட்டிற்று. மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். ஆயினும், தொடர்களில் மாமியார் உண்டு, மருமகள் உண்டு, நாத்தனார் உண்டு; அடுத்த வீடு எங்கே? கூடம் உண்டு, தெரு எங்கே? தெருவைக் காட்டினால், அது எவர் தெரு என்ற கேள்வி எழுமன்றோ!

ஆஸ்திரேலியாவில் 'நெய்பர்ஸ்' என்றொரு தொடர். அண்டை வீட்டார் என்பது பொருள். 1985இல் தொடங்கி, 2022இல் நின்று, மறு ஆண்டே உயிர்த்து, 2025 வரை நடந்தது. ராம்சே தெரு என்னும் ஒரே தெருவின் கதை. பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த அத்தெருவில், 2011-12இல் கபூர் என்னும் இந்தியக் குடும்பம் குடியேறியது. கதையில்தான்! அதையும் பொறாத சிலர் இனவெறி ஏச்சை அள்ளி வீசினர். கற்பனைத் தெருவில்கூடக் குடியேற ஒருவனுக்கு உரிமை வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

அவர்களைப் பழிக்குமுன் நம் தஞ்சைத் தரணியைப் பாருங்கள். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி. எல்லாம் கூப்பிடு தூரம்தான். ஆனால் கூலி நெல் கூடுதலாகக் கேட்ட குற்றத்திற்காக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. அத்துணைத் தொலைவு அந்தக் கூப்பிடு தூரம்!

2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி குடியானத் தெருவுக்கும் வந்தது, சேரிக்கும் வந்தது. ஒரே கதைத்தலைவிக்காக இரு தெருவும் ஒரே நொடியில் அழுகின்றன. கண்ணீர் கலக்கிறது, தெரு கலக்கவில்லை!

கதைக்குக் களம் இல்லையா? 1997இல் அரசு தீட்டிய பெரியார் நினைவு சமத்துவபுரத்தைப் பாருங்கள். 100 வீடுகள். ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. சுவருக்குச் சுவர் அண்டை! குழாயடிப் பூசலும், இரவல் வாங்கிய சர்க்கரையும், வேலி தாண்டிய காதலும் விளையாத தெரு உண்டா? இதைவிடச் சுவையான நாடகத்தை எவன் புனைய முடியும்?

எழுதத் தெரிந்த தோழனே, எழுது! நடிக்கத் தெரிந்தவனே, ஊர்தோறும் மேடை ஏறு! பார்க்கும் தாயைப் பழிக்காதே, அவள் அருகில் அமர்ந்து கேள்: "அம்மா, இந்தக் கதையில் நம் தெரு எங்கே?"

அந்த ஒரு கேள்வி அவள் உள்ளத்தில் ஊன்றட்டும். சாத்திய கதவுகள் தாமே திறக்கும்!