சவுண்ட்பாரா, 5.1 ஸ்பீக்கர்களா... உங்க ஹாலுக்கு எது செட் ஆகும்? பில் போடும் முன் இதைப் படிங்க!

ராத்திரி ஒன்பதரை மணி. தியேட்டர்ல மிஸ் பண்ண படம் ஓ.டி.டி-க்கு வந்துடுச்சுன்னு குடும்பத்தோட உட்கார்றீங்க. ஹீரோ அம்மாகிட்ட ஏதோ உருக்கமா பேசுறார். ஒண்ணும் கேக்கலை. 18-ல இருந்த வால்யூமை 30-க்கு ஏத்துறீங்க. அடுத்த சீன்ல கார் வெடிக்குது. தூங்கிட்டிருந்த குழந்தை அலறி எழுந்திருக்குது. பதறிப்போய் 12-க்கு இறக்குறீங்க. "அவன் என்னடா சொன்னான்?"னு அப்பா கேட்கிறார்.

"சரி, ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிட வேண்டியதுதான்"னு முடிவெடுக்கிறது பெரும்பாலும் இந்த நிமிஷத்துலதான்.

அந்த முடிவுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி-க்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைஞ்சது. வரிக்கு முன்னாடி 50,000 ரூபாய் விலையுள்ள டிவி, முன்பு 64,000 ரூபாய். இப்போ 59,000. மிச்சமாகுற அந்த ஐயாயிரத்தைக் கடைக்காரரும் கணக்குப் போட்டு வெச்சிருப்பார். "சார், மேல கொஞ்சம் போட்டா சவுண்ட்பார் சேர்த்துக்கலாம். ஈ.எம்.ஐ-யில தெரியவே தெரியாது"ன்னு சொல்வார். பக்கத்து ஷெல்ஃப்ல அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபரோட 5.1 செட் ஒண்ணு உங்களையே பாத்துக்கிட்டு நிற்கும்.

எதை எடுக்கலாம்? அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேள்வி இருக்கு.

டிவி ஏன் முணுமுணுக்குது?

பழைய பெட்டி டிவி-க்கு உடம்பு பெருசு. ஸ்பீக்கரை நம்மைப் பார்த்து வைக்க இடம் இருந்துச்சு. இப்போதைய டிவி சில சென்டிமீட்டர் தடிமன்தான். ஸ்கிரீனைச் சுத்தி ஓரமும் கிடையாது. அதனால பெரும்பாலான மாடல்கள்ல ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். சத்தம் சுவர்லயும் டேபிள்லயும் மோதிட்டுத்தான் உங்க காதுக்கு வருது.

ரெண்டாவது காரணம், படத்தோட ஒலியமைப்பு. 5.1-ல வசனம் பெரும்பாலும் நடுவுல இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்குப் போகும். இசையும் சண்டைச் சத்தமும் மத்த ஸ்பீக்கர்களுக்குப் பிரியும். உங்க டிவி-யில இருக்கிறதோ ரெண்டே சின்ன ஸ்பீக்கர். எல்லாத்தையும் அதுக்குள்ள திணிக்கும்போது வசனம் நசுங்கிப்போகுது. தியேட்டருக்காக வெச்ச மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையிலான இடைவெளி, ஃபேன் ஓடுற ஹால்ல எடுபடுறதும் இல்லை.

அதனால செலவு பண்றதுக்கு முன்னாடி காசில்லாத வைத்தியத்தைப் பண்ணிப் பாருங்க. டிவி-யோட சவுண்ட் செட்டிங்ஸ்ல 'கிளியர் வாய்ஸ்', 'டயலாக் என்ஹான்ஸர்', 'நைட் மோட்' மாதிரி ஏதாவது இருக்கும். ஆன் பண்ணுங்க. ஓ.டி.டி ஆப்ல ஆடியோ மெனுவுக்குப் போய், 5.1-க்குப் பதிலா ஸ்டீரியோ டிராக் இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. சில வீடுகளுக்கு இதுவே போதும்.

போதலையா? இப்போ கடைக்குப் போகலாம்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களைப் படிக்கிறது எப்படி?

2.1, 3.1, 5.1, 5.1.2... இதுல முதல் எண், காது உயரத்துல எத்தனை சேனல்னு சொல்லுது. ரெண்டாவது, சப்-வூஃபர். மூணாவது எண் இருந்தா, மேலிருந்து சத்தம் வர்ற மாதிரி காட்டுறதுக்கான சேனல். அதுதான் டால்பி அட்மாஸோட விசேஷம்.

2012-ல 'பிரேவ்' படத்தோட அட்மாஸ் தியேட்டர்களுக்கு வந்துச்சு. அதே வருஷக் கடைசியில நம்ம 'சிவாஜி 3டி'-யும் அட்மாஸ்ல வந்துச்சு. தியேட்டர்ல அட்மாஸுக்காகக் கூரையிலேயே வரிசையா ஸ்பீக்கர் இருக்கும். உங்க வீட்டு சவுண்ட்பார்ல? நல்ல மாடல்கள்ல மேல்நோக்கி வெச்ச ஸ்பீக்கர் இருக்கும். அது சத்தத்தைக் கூரைல மோதவிட்டு உங்ககிட்ட திருப்பி அனுப்பும். விலை குறைஞ்ச பல மாடல்கள்ல அதுவும் கிடையாது. ரெண்டு, மூணு சேனலை வெச்சே சாஃப்ட்வேர் அந்த உணர்வைத் தர முயற்சி பண்ணும். ரெண்டுலயும் பெட்டி மேல லோகோ ஒண்ணுதான்!

கூரையும் முக்கியம் பாஸ். மேல்நோக்கிய ஸ்பீக்கர்களுக்கு டால்பி பரிந்துரைக்கிறது, சுமார் ஏழரை அடியிலிருந்து 12 அடி வரை உயரமுள்ள சமதளமான, கெட்டியான கூரை. கான்கிரீட் வீடுன்னா பிரச்னை இல்லை. ஓட்டு வீடு, சரிவான ஷீட் கூரை, சத்தத்தை உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங்னா அந்த மூணாவது எண்ணுக்குக் கொடுக்கிற காசு வீண்தான்.

அடுத்து, வாட்ஸ். இதுலதான் பலர் ஏமாறுறாங்க. 100 வாட்ஸுக்குப் பதிலா 200 வாட்ஸ் வாங்கினா சத்தம் ரெண்டு மடங்கு கேக்கும்னு நினைக்கிறோம். கேக்காது. பவர் இரட்டிப்பானா கூடுறது மூணு டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்குப் பத்து மடங்கு பவர் வேணும். 'பி.எம்.பி.ஓ'ன்னு ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்டிருந்தா அதைக் கண்டுக்காதீங்க. 'ஆர்.எம்.எஸ்' எவ்வளவுன்னு கேளுங்க.

சவுண்ட்பார்: ஒரு வயர், ஒரு ரிமோட்

சவுண்ட்பாரோட பெரிய பலமே எளிமை. டிவி-யில 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்'னு எழுதியிருக்கிற எச்.டி.எம்.ஐ போர்ட்ல ஒரு கேபிள் சொருகினா முடிஞ்சது. டிவி ரிமோட்லேயே வால்யூம் கூட்டலாம். வாடகை வீட்டு சுவர்ல ஓட்டை போட வேண்டாம். வீடு மாறினா தூக்கிட்டுப் போயிடலாம்.

'இ-ஆர்க் இருந்தாதான் அட்மாஸ் கேக்கும்'னு கடையில சொன்னா உடனே டிவி-யை மாத்த வேண்டாம். ஓ.டி.டி ஆப்கள் அட்மாஸைச் சுருக்கி, 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' வடிவத்துலதான் அனுப்புது. உங்க டிவி அதை வெளியே அனுப்பும்னா, சாதாரண ஆர்க்கே போதும். ப்ளூ-ரே டிஸ்க்ல வர்ற, தரம் இழக்காத 'லாஸ்லெஸ்' ஒலிக்குத்தான் இ-ஆர்க் அவசியம். ஆனா பழைய ஆப்டிகல் கேபிள்ல அட்மாஸ் வராது. நெட்ஃப்ளிக்ஸ்ல அட்மாஸ் வேணும்னா பிரீமியம் பிளான்தான். அதையும் மாதக் கணக்குல சேர்த்துக்கோங்க.

பலவீனம்? எல்லா சத்தமும் முன்னாடியிலிருந்துதான் வரும். பின்னாடி ஸ்பீக்கர் இல்லாம, பின்னாடி சத்தம் கேட்குற மாதிரி காட்டுறது ஓரளவுக்குத்தான் முடியும். இன்னொண்ணு, எல்லாமே ஒரே உடம்பு. உள்ளே இருக்கிற போர்டு போச்சுன்னா மொத்தமும் போச்சு.

5.1: சுகமும் உண்டு, சிரமமும் உண்டு

தனித்தனி ஸ்பீக்கர்கள், அவற்றை இயக்க ஏ.வி ரிசீவர். மழை சீன்ல நிஜமாவே உங்களைச் சுத்தி மழை பெய்யும். இந்த அனுபவத்துக்கு ஒரே ஒரு பார் ஈடாகாது.

ஆனா அதுக்கு ஸ்பீக்கர்கள் சரியான இடத்துல இருக்கணும். முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்கள் உங்க பார்வையின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி. சரவுண்டு ஸ்பீக்கர்கள் 110 டிகிரி. அதாவது, காதுக்குச் சற்று பின்னாடி. இப்போ உங்க ஹாலை நினைச்சுப் பாருங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி. சோபா சுவரோட ஒட்டிக் கிடக்கு. ஒரு பக்கம் கிச்சன் வாசல், இன்னொரு பக்கம் பால்கனி கதவு. பின்னாடி ஸ்பீக்கரை எங்கே வைப்பீங்க? பல வீடுகள்ல அது டிவி-க்குப் பக்கத்துலயே வந்து உட்கார்ந்துடும். அப்போ 5.1-க்குக் காசு கொடுத்து 2.1 கேக்குறீங்கன்னு அர்த்தம். 'வயர்லெஸ் சரவுண்டு'ன்னு போட்டிருந்தாலும் பெரும்பாலான மாடல்களுக்குப் பின்னாடி ஒரு பிளக் பாயின்ட் வேணும்.

பட்ஜெட் ஆட்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையர் நல்லாவே தெரியும். விலை கம்மி, ஊர் மெக்கானிக்கே ரிப்பேர் பண்ணிடுவார். வாங்கும்போது, டால்பி ஒலியை நிஜமாவே பிரிச்சுக் கொடுக்கிற டீகோடர் இருக்கா, எச்.டி.எம்.ஐ ஆர்க் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

கம்பெனிகள் ஏன் இவ்வளவு ஆர்வமா இருக்காங்க?

2017-ல சாம்சங், ஜே.பி.எல்-ஐ வெச்சிருக்கும் ஹார்மன் நிறுவனத்தை வாங்குச்சு. 2025-ல அந்த ஹார்மன், டெனான், மராண்ட்ஸ், போல்க் போன்ற பெயர்களையும் தன்கிட்ட சேர்த்துக்கிச்சு. டிவி விக்கிறவங்களும் ஸ்பீக்கர் விக்கிறவங்களும் ஒரே வீட்டுக்காரங்களா ஆகுறாங்க. சாம்சங்கோட 'கியூ சிம்பொனி', எல்ஜி-யோட 'வாவ் ஆர்கெஸ்ட்ரா' எல்லாம், அதே பிராண்டு டிவி-யும் பாரும் சேர்ந்து ஒலிக்கிற வசதி. நல்ல வசதிதான். ஆனா நாளைக்கு டிவி-யை மாத்தும்போது வேற பிராண்டுக்குப் போகக் கை வராது. அதுதான் கணக்கு.

ரிசீவர், ஸ்பீக்கர் செட்ல இந்தச் சிக்கல் கம்மி. ரிசீவர் பழசானா அதை மட்டும் மாத்தலாம், ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கும். இன்னைக்கு முன்பக்கம் ரெண்டு, போனஸ் வந்தா சென்டர், அடுத்த தீபாவளிக்கு சப்-வூஃபர்னு துண்டு துண்டாவும் வாங்கலாம். மொத்தமா ஈ.எம்.ஐ போடணும்னு அவசியம் இல்லை.

அப்போ யாருக்கு எது?

* வாடகை வீடு, சின்ன ஹால், அபார்ட்மென்ட்: சவுண்ட்பார். ஆனா அட்மாஸ் லோகோ போட்ட 2.1-ஐவிட, வசனத்துக்குன்னே தனி சென்டர் இருக்கும் சாதாரண 3.1 மேல்.

* சொந்த வீடு, சோபாவுக்குப் பின்னாடி இடம் இருக்கு, சினிமா பைத்தியம்: யோசிக்காம 5.1. வீடு கட்டிட்டு இருக்கீங்கன்னா, ஸ்பீக்கர் இப்போ வாங்கலைன்னாலும் டிவி சுவரிலிருந்து சோபா பக்கம் வரை ஒரு காலி பைப்பைப் பதிச்சு வெச்சிடுங்க. பூச்சு வேலை முடிஞ்ச பிறகு சுவரை வெட்டுறது பெரிய செலவு.

* ராத்திரி மட்டும்தான் படம் பார்க்கிறீங்களா: சப்-வூஃபர் விஷயத்துல உஷார். பேஸ் ஒலியின் அலை ரொம்ப நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். கதவைச் சாத்தினாலும் ஸ்கிரீன் போட்டாலும் அது நிக்காது, கீழ்வீட்டுக்குப் போயிடும். ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகள்ல இரவு 10 முதல் காலை 6 மணி வரைக்குமான வரம்பு 45 டெசிபல். சப்-வூஃபர் வால்யூமைத் தனியா குறைக்க முடியுமான்னு பாத்து வாங்குங்க.

* "என்னடா சொன்னான்?"னு கேட்கிற அப்பா இருக்கும் வீடு: வயசாகும்போது காது முதல்ல இழக்கிறது உச்ச அதிர்வெண் ஒலிகளைத்தான். ஸ, ஷ, ஃப மாதிரியான ஒலிகள் அதுலதான் இருக்கு. அதனாலதான் 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை'ன்னு சொல்றாங்க. வாட்ஸைக் கூட்டினா இது தீராது. சென்டர் சேனலும் வாய்ஸ் மோடும் உதவும். அதுக்கும் புரியலைன்னா, அடுத்து போக வேண்டிய இடம் இன்னும் பெரிய ஸ்பீக்கர் கடை இல்லை, காது டாக்டர்.

கடையில் ஒரு சின்ன டெஸ்ட்

ஷோரூம் டெமோவுல எப்பவும் வெடிச் சத்தமும் ஹெலிகாப்டரும்தான் ஓடும். அதுல எல்லாமே பிரமாதமாத்தான் இருக்கும். நீங்க நல்லா பாத்துப் பழகின ஒரு தமிழ்ப் படத்துல, ரெண்டு பேர் மெதுவா பேசுற சீனைப் போடச் சொல்லுங்க. வால்யூமைக் குறைவா வைங்க. நடுவுல உட்கார்ந்து கேளுங்க, அப்புறம் ஓரத்துக்குப் போய்க் கேளுங்க. வசனம் ரெண்டு இடத்துலயும் புரிஞ்சா, அந்தப் பெட்டி உங்க வீட்டுக்கு வரலாம். உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா, சப்-வூஃபருக்கும் வாரன்ட்டி உண்டான்னு பில் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

முடிஞ்சா, கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அந்த சீன் முடிஞ்சதும், "என்ன சொன்னான்?"னு இந்தத் தடவை நீங்க அவர்கிட்ட கேளுங்க. அவர் சரியா சொல்லிட்டா, பில் போட்டுடலாம்!