செவ்வாய்ப் பிரயாணமும் செவ்வாய் தோஷமும்

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் உள்ள வைத்தீஸ்வரன் கோயில் செவ்வாய்க் கிரகத்திற்குரிய ஸ்தலம் என்று சொல்லப்படுவது நமது வாசகர்களுக்குத் தெரியும். ஆவடியில் டாங்கி செய்கிற தோழர்களும், அம்பத்தூரில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிற தோழர்களும்கூட அங்கே பரிகாரத்திற்குப் போகிறார்கள். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமாம். வந்த வரன் திரும்பிப் போய்விட்டதாம்.

இதே செவ்வாயைப் பற்றி வேறு சிலரும் கணக்குப் போட்டார்கள். அதையும் சற்றுப் பார்ப்போம்.

வெர்னர் வான் பிரவுன் என்கிற ஜெர்மன் ராக்கெட் நிபுணர், மனிதர் செவ்வாய்க்குப் போய்வர 1948-ல் ஒரு திட்டம் எழுதினார். (இவர் ஹிட்லருக்கு ராக்கெட் செய்து கொடுத்தவர், அடிமைகளாக்கப்பட்ட கைதிகள் அந்த வேலையில் மாண்டார்கள். ஆதலால் இவரிடம் நமக்குப் பக்தி ஒன்றுமில்லை.) 10 கப்பல்கள், 70 ஆட்கள், போக 260 நாள், அங்கே தங்க 443 நாள், திரும்ப 260 நாள். அங்கே ஏன் அத்தனை நாள்? பூமியும் செவ்வாயும் சூரியனை வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால், திரும்புவதற்கு ஏற்றபடி இரண்டும் அமைய அவ்வளவு காலம் ஆகிறது. பூமியிலிருந்து புறப்படத் தக்க சமயமும் சுமார் 26 மாதத்திற்கு ஒருமுறைதான் வரும். கிரக நிலை பார்ப்பதென்றால் இதுவல்லவா, தோழர்களே!

இறக்கை வைத்த விமானத்தில் அங்கே இறங்கலாம் என்று அவர் எழுதினார். 1965-ல் மாரினர் 4 என்ற ஆளில்லாக் கலம் நெருங்கிப் பார்த்ததில், அங்குள்ள காற்று அவர் நினைத்ததைவிட மிக மெல்லியது என்று தெரிந்தது. அந்த இறக்கைத் திட்டம் அத்துடன் தீர்ந்தது. ருஷ்யர்கள் 1971-ல் மூவரைச் செவ்வாய்ப் பக்கம் அனுப்பித் திருப்பி அழைக்க எண்ணினார்கள். அதற்கு நம்பியிருந்த பெரிய ராக்கெட் 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் அழிந்தது. 1981-ல் 12 பேர் புறப்படலாமென்று அமெரிக்காவில் 1969-ல் அதே வான் பிரவுன் சொன்னார். சர்க்கார் பணம் கொடுக்கவில்லை. இன்றுவரை ஒரு மனிதனும் செவ்வாயில் கால் வைக்கவில்லை.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானம் தோற்றது!" என்று புராணிகர்கள் கைகொட்டலாம். தோற்றதுதான். ஆனால் எதனால் தோற்றது என்று சொல்ல முடிகிறதே! ஜோதிடர் கணக்கு எப்போதாவது தோற்றதுண்டா? லக்னத்திற்கு 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் இருந்தால் தோஷமாம். 12 வீட்டில் 5 வீடு. அதாவது 100 பேரில் ஏறக்குறைய 42 பேருக்குத் தோஷம்! சந்திரனையும் சுக்கிரனையும் வைத்துப் பார்த்தால் இன்னும் ஏறும். இத்தனை பேரும் புருஷனை விழுங்கியிருந்தால் இந்நாட்டில் ஜனங்கள் ஏது? அதற்காகவே விதிவிலக்கு என்று ஒரு மூட்டை. அதை அவிழ்க்கத் தட்சிணை. காசு போவது கிடக்கட்டும். ஒரு குற்றமும் செய்யாத பெண், பிறந்த நேரத்தின் பேரால் வீட்டில் உட்கார்ந்து ஏச்சுக் கேட்கிறாளே, அதற்கு எந்தக் கிரகம் ஜவாப்தாரி?

நம் நாடே 2013 நவம்பர் 5-ந் தேதி, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையில், சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் மங்கள்யானை ஏவி, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைச் சுற்ற வைத்தது. ஏவுமுன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோனது வெட்கக்கேடு. கலம் போய்ச் சேர்ந்தது நியூட்டன் கணக்கினால்.

பெண்ணைப் பெற்றவர்களைவிடப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கே இதைச் சொல்லுகிறோம். ஜாதகம் கேளாதீர்கள். 1967-ல் சட்டமாக்கப்பட்ட சுயமரியாதைத் திருமணத்திற்கு உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். ஜாதகம் பாராமல் இப்பக்கத்தில் நடக்கும் திருமணங்களைத் தோழர்கள் எழுதியனுப்பினால் நமது பத்திரிகையில் வெளியிடுவோம்.