தலைமயிரும் பன்னிரண்டு நாட்களும்

2020 ஆகஸ்டில் மொரிசியஸ் சனம் தலைமயிரை வெட்டிக் கொடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்கள். மயிர் எண்ணெயைப் பிடிக்கும், தண்ணியை விட்டுவிடும். கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்துத் தைத்து, வெறும் பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி மிதக்கவிட்டு, கடலுக்கே வேலி போட்டார்கள். 'விடுங்கோ, நாங்கள் பாக்கிறம்' என்று அரசாங்கம் சொல்லியும் ஆக்கள் கரையை விட்டுப் போகவில்லை. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் முறிந்த ஒப்பந்தக் கூலிகளில் தமிழரும் இருந்தார்கள். அதனாலோ என்னவோ, அந்தச் சோகை எனக்குள் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தப் படங்களை மட்டும் பகிர்ந்துவிட்டு 'மக்கள் சக்தி' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜப்பானியருக்குச் சொந்தமான 'வகாஷியோ' முருகைக்கற்பாறையில் ஏறியது ஜூலை 25இல். சரக்கு ஒன்றும் இல்லை, வெறும் கப்பல். ஆனால் அது ஓடுவதற்கான எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ 4000 தொன். எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6இல். நடுவில் பன்னிரண்டு நாட்கள், கப்பல் எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் அலையில் அடிபட்டுக்கொண்டு நின்றது. கடல் கொந்தளிப்பு என்றார்கள். அது முழுப் பொய்யுமில்லை. ஆனால் ஏறத்தாழ 1000 தொன் கடலில் கலந்த பிறகு, மிச்சத்தில் பெரும்பகுதியை ஒரு கிழமைக்குள்ளேயே இறைத்து எடுத்தார்களே! ஆகஸ்ட் 15இல் கப்பல் இரண்டாக உடையும்போது தாங்கிகள் அநேகமாக வெறுமை. அப்ப அந்தப் பம்பும் ஆக்களும் முதல் கிழமையில் எங்கே?

கப்டனுக்கும் முதல் அதிகாரிக்கும் 20 மாதச் சிறை கிடைத்தது. கைத்தொலைபேசிச் சிக்னலுக்காகக் கரைக்குக் கிட்ட வந்தார்களாம். முதல் அதிகாரி எங்கட நாட்டவர். அவர்கள் செய்தது பிழைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாட்களுக்கு ஆர் பொறுப்பு? 2020 ஆகஸ்ட் 29இல் போர்ட் லூயிஸில் கறுப்பு உடுப்போடு ஆயிரக்கணக்கில் இறங்கின சனத்தின் கோபமும் அரசாங்கத்தின் மேல்தான்.

அடுத்த வருசமே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எங்கட கடலில் எரிந்தது. அமிலக் கொள்கலன் ஒழுகுவது தீப்பிடிக்க முதலே கப்பலில் தெரிந்திருந்தது. கடைசியில் கரையில் நின்று மண்ணுக்குள் பிளாஸ்டிக் மணிகளைச் சல்லடை போட்டு அரித்ததுதான் மிச்சம்.

கரைக்குத் துப்புரவாக்கப் போறது நல்லது, போங்கோ. ஆனால் எங்கட கடலில் இனி ஒரு கப்பல் தரைதட்டினால், மயிர் சேர்க்க முதல், அண்டைக்கே கேட்க வேண்டியது வேற: தாங்கியில் எவ்வளவு கிடக்கு, இறைக்கிற பம்ப் எந்தத் துறைமுகத்தில் நிக்குது, அது வந்து சேர எத்தனை நாள்?