நழுவும் தோள்

சென்ற தவணையிற் கரப்பந்தாட்டத்தின்போது எம் மாணவன் ஒருவன் பந்தை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. தோள் நழுவியது அது மூன்றாம் முறை. முதன்முறை நழுவியபோது, "தோளிற் பலமில்லை, இரும்புக் குண்டு தூக்கிப் புயத்தைத் திரட்டு" என்று புத்தி சொன்னவர்களுள் நாமும் ஒருவர். அவனும் ஒரு வருடம் தவறாது தூக்கினான். புயம் திரண்டது, தோள் நிற்கவில்லை.

இடுப்பிலே தொடையென்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ குழி மிக ஆழமற்றது. எந்நிலையிலும் புயவென்புத் தலையின் காற்பங்கு, அல்லது சற்றுக் கூடிய பகுதியே அதனைத் தொடுகின்றது. கை நாற்றிசையும் சுழல்வதற்கு நாம் கொடுக்கும் விலை இது. ஆகவே தலையைக் குழியில் நிறுத்தும் வேலை, மூட்டைச் சுற்றிய நார்களுக்கும் தசைகளுக்குமே உரியது.

அத்தசைகள் என்ன செய்கின்றன என்பதைப் பந்தெறிவோரின் தோளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தசையினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தினால், அது சுருங்கும்போது எழும் மின்னோட்டத்தைப் பதிவு செய்யலாம். 1988ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிராங் ஜோப் முதலிய வைத்தியர்கள், முன்புறமாகத் தளர்ந்த தோளுடைய பேஸ்போல் வீரரையும் சுகமான தோளுடையோரையும் இவ்வாறு ஒப்பிட்டு எழுதினார்கள். தளர்ந்த தோளிலே எல்லாத் தசைகளும் சோர்ந்திருக்கவில்லை. புயத்தின் இருதலைத் தசையும், தோட்பட்டையின் மேலிருந்து வரும் தசையும் வழமையிலும் கூடுதலாக உழைத்தன. முன்புறத்தைக் காக்கவேண்டிய தோட்பட்டை உட்புறத் தசையும், மார்புத் தசையும், தோட்பட்டையை விலாவோடு பிடித்து நிறுத்தும் தசையுமே ஓய்ந்திருந்தன. கையைப் பின்னே வளைத்து எறிய ஆயத்தமாகும்போது புயவென்பின் தலை முன்னோக்கித் தள்ளப்படும். காவல் மிக வேண்டிய அவ்வேளையிற் காவலர் உறங்கினால் என்னாகும்! கரப்பந்தை அடிக்க ஓங்கும் கையும் ஏறக்குறைய அந்நிலையையே அடைகிறது.

நாம் திரட்டச் சொன்னதோ இருதலைத் தசையை!

தளர்வினால் தசை ஓய்ந்ததா, தசை ஓய்ந்தமையால் தளர்வு வளர்ந்ததா என்பதை இவ்வளவீடு மட்டும் தீர்த்துவிடாது. மூட்டைச் சுற்றிய நார்களில் இழுவிசையை உணரும் நரம்பு முனைகள் உள. நார் கிழிந்தால் அவ்வுணர்ச்சியும் குன்றும். குழியின் முன்விளிம்பு கிழிந்திருப்பதை இலண்டனில் பாங்காட் என்ற சத்திரவைத்தியர் 1923இலேயே விவரித்தார். அக்கிழிவை எந்த அப்பியாசமும் தைத்துவிடாது. இளம் வயதில் ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு மிகப் பெரிது. ஆதலால் முதன்முறையே வைத்தியரிடம் காட்டியிருக்க வேண்டும். பெற்றோர் எம் சொல்லை நம்பி இருந்துவிட்டார்கள்.

மாணவன் இப்போது குண்டுகளை மூலையில் வைத்துவிட்டு, வைத்தியசாலையிற் கொடுத்த இறப்பர்ப் பட்டியைக் காலையும் மாலையும் இழுத்து வருகிறான். "சேர், அடுத்த தவணை விளையாடலாமா?" என்று சென்ற வாரம் கேட்டான். இம்முறை நாம் பதில் சொல்லவில்லை. வைத்தியரைக் கேட்கச் சொன்னோம்.