காட்டுக்கு ஈடு எது?

இந்திய வன அளவை நிலையத்தார் 2024ம் வருஷம் டிஸம்பர் மாதம் வெளியிட்ட அறிக்கை, தேசத்தின் நிலப்பரப்பில் 25.17 சதவிகிதம் காடும் மரமுமாக இருக்கிறதென்று கூறுகிறது. 2005ம் வருஷத்து நிலையோடு ஒப்பிட்டால், 229 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமமான கரியை நமது காடுகளும் மரங்களும் கூடுதலாகச் சேமித்திருக்கின்றனவாம். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் வரை சேமிப்பதாக 2015ல், பாரிஸ் ஒப்பந்தத்தையொட்டி உலகத்தாருக்கு வாக்களித்தோம். வாக்கு அநேகமாக நிறைவேறிவிட்டது என்று ஆள்வோர் பெருமை கொள்வது இயல்பே. அந்தப் பெருமையில் நாமும் பங்கு கொள்ளுமுன் பேரேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

அறிக்கை எதைக் காடு என்று கொள்கிறது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மரத்தின் தழை மூடியிருந்தால் போதும், அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த ஜாதி என்ற விசாரணை கிடையாது. தென்னந்தோப்பும், மாந்தோப்பும், யூகலிப்டஸ் தோட்டமும், களக்காட்டு மலையின் மழைக்காடும் ஒரே பத்தியில் கூட்டப்படுகின்றன. அளவைக்காரர்கள் இதை மறைக்கவில்லை. தங்கள் அறிக்கையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வானத்திலிருந்து படம் பிடித்து அளப்போருக்கு இப்படி ஒரு சூத்திரம் வேண்டியதுதான். நமது ஆட்சேபம் அளவையின் மீதல்ல. ஓரிடத்தில் காட்டை அழித்து வேறோரிடத்தில் கன்று நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணும் நிர்வாகத்தின் மீதே.

காடு கரியைச் சேர்க்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். இலை சூரிய வெளிச்சத்தின் உதவியால் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிறது. எடுத்ததில் ஏறக்குறையப் பாதியைச் செடியின் சுவாசமே திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் தண்டாகவும் வேராகவும் இலையாகவும் ஆகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கரிதான். பிறகு இலை உதிர்கிறது, வேர் மடிகிறது. பூஞ்சணமும் புழுக்களும் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்று ஒரு பகுதியை மறுபடி காற்றில் விடுகின்றன. இன்னொரு பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல வருஷம், சில இடங்களில் பல நூற்றாண்டு, தங்கிவிடுகிறது. ஆகவே காடு என்பது பூட்டி வைத்த பெட்டியன்று. தினந்தோறும் வரவும் செலவும் நடக்கும் கடை. வரவு சிறிதளவு மிஞ்சி மிஞ்சியே இருப்பு உயர்கிறது. மேற்படி அறிக்கையின்படி நமது வனங்களின் கரியிருப்பு சுமார் 728 கோடி டன். அதில் பாதிக்கு மேல் மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது!

பழைய காடு ஒன்றை வெட்டினால் என்ன நேரும்? கிளையும் வேரும் மக்குகின்றன அல்லது எரிகின்றன. நிழல் இழந்து கிளறப்பட்ட மண்ணும் தன் சேமிப்பை இழக்கத் தொடங்குகிறது. அப்படி வெளியேறும் கரி ஒவ்வொரு டன்னும் காற்றில் 3.67 டன் கரியமில வாயுவாகிறது. இச்செலவு சில பருவங்களில் நடந்து முடிந்துவிடும். ஈடாக நட்ட கன்றோ, பிழைத்தால், அந்தக் கடனை அடைக்கப் பல தலைமுறை பிடிக்கும். பழங்காடு வளர்ச்சி நின்ற காடு, அதனால் புதிய லாபமில்லை என்று வாதிப்போர் உண்டு. நூற்றாண்டுகள் கடந்த காடுகளும் பெரும்பாலும் கரியைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன என்று 2008ல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. அதை மறுத்து எழுதிய நிபுணர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், சேர்ந்திருக்கும் இருப்பைக் கலைப்பது நஷ்டமே.

இந்தக் குழப்பத்தின் பூர்வீகத்தை நாம் நீலகிரியிலேயே காணலாம். அங்கே பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இயற்கை அமைத்திருந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரர்கள் தரிசாக எண்ணினார்கள். 19ம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொணர்ந்து நட்டார்கள். எஜமானர்கள் போன பிறகு நமது சர்க்கார் அந்தக் கண்ணோட்டத்தை மாற்றிக்கொண்டார்களா? இல்லை. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைகளுக்கும் என்று அதே மரங்களை இன்னும் விஸ்தாரமாக நட்டார்கள். குளிர்ந்த கறுப்பு மண்ணில் புல் சேர்த்து வைத்திருந்த கரி யார் கணக்கிலும் ஏறவில்லை. கிளென்மார்கனில் வருஷக்கணக்காக நடந்த சோதனையில், கற்பூர மரம் நட்ட பள்ளத்தாக்கிலிருந்து ஓடை வழியே வரும் நீர் குறைந்ததும் நிரூபணமாயிற்று. கடைசியில் 2022ல் தமிழ்நாடு சர்க்கார் அந்நிய மரங்களை அகற்றி இயற்கை நிலையை மீட்பதென்று கொள்கை வகுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: சீகையை வெட்டிப் புல்லை மீட்டால், டில்லியின் பேரேட்டில் அது வனப்பரப்பின் நஷ்டமாகவே விழும்!

1980ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டை வேறு காரியத்துக்குக் கொடுப்பவர்கள் ஈடாக வனம் வளர்க்க வேண்டும். அதற்கென வசூலான பணத்தை நிர்வகிக்க 2016ல் தனிச்சட்டம் இயற்றினார்கள். 2019ல் 47,436 கோடி ரூபாய் 27 ராஜ்யங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. பணத்துக்குக் குறைவில்லை. பெரிய நிக்கோபார்த் தீவில் துறைமுகமும் நகரமும் அமைக்க 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மழைக்காட்டைக் கொடுக்க 2022 அக்டோபரில் முதற்கட்ட அனுமதி தந்தார்கள். ஷோம்பென் மக்களின் வாசஸ்தலமான அந்தக் காட்டுக்கு ஈடாக மரம் நடக் குறித்த இடம் எது தெரியுமா? ஆயிரத்தைந்நூறு மைலுக்கும் அப்பாலுள்ள ஹரியானா! வருஷம் முழுதும் மழை காணும் தீவின் காடு எங்கே, வறண்ட ஆரவல்லிச் சரிவில் நடும் கன்று எங்கே?

2023ல் அந்த 1980ம் வருஷத்துச் சட்டத்தையே திருத்தி, அது செல்லும் எல்லையைச் சுருக்கினார்கள். திருத்தத்தோடு சட்டத்தின் பெயரும் ஹிந்தியாயிற்று. 'வன் சம்ரக்ஷண் ஏவம் சம்வர்த்தன் அதினியம்' என்று உச்சரித்துப் பழகத் தமிழனுக்குச் சிறிது காலம் வேண்டும். பெயர் போகட்டும். காடு என்றால் எது என்ற கேள்வி முன்பே தீர்ந்த விஷயம். நிலம்பூர்க் கோவிலகத்து டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, நமது கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவது பொறாமல் 1995ல் ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். யாருக்குச் சொந்தமானாலும் அகராதி எதைக் காடு என்கிறதோ அது காடே என்று 1996 டிஸம்பர் 12ந் தேதி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். திருத்தச் சட்டமோ பெரும்பாலும் சர்க்கார் ஏட்டில் காடென்று பதிந்தவற்றோடு நின்றுவிட முயன்றது. 2024 பிப்ரவரியில் ஸுப்ரீம் கோர்ட் தலையிட்டு, 1996ம் வருஷத்து அர்த்தத்தையே தற்காலிகமாகப் பின்பற்றுமாறு சொல்ல நேர்ந்தது.

உலகத்தின் சீதோஷ்ணமும் மாறி வருகிறது. உஷ்ணம் ஏறினால் மண்ணிலுள்ள உயிர்களின் சுவாசம் விரைவாகும். வறட்சி வந்தால் இலைத் துவாரங்கள் மூடிக்கொள்ளும். அதாவது செலவு கூடி வரவு குறையும். அமேஸான் காட்டின் தென்கிழக்குப் பகுதி கரியை ஏற்பதைவிட அதிகமாக வெளியிடுகிறதென்று, ஆகாய விமானத்திலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு 2021ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். 2023ல் கனடாவின் காட்டுத்தீயில் வெளிப்பட்ட கரி, சீனா, அமெரிக்கா, இந்தியா நீங்கலாக எந்த ஒரு தேசமும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் ஒரு வருஷத்தில் வெளியிடுவதைவிட அதிகம். நிலைத்து நின்ற காடுகளுக்கே இக்கதி நேரும்போது, ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்ட தோட்டத்தை நம்பி இன்றைய காட்டை அடகு வைப்பது எந்த விவேகத்தைச் சேர்ந்தது?

இக்காற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு மேல்நாட்டாருடையது என்பதை நாம் மறக்கவில்லை. தலைக்கு இத்தனை டன் என்று பார்த்தால் அமெரிக்கன் வெளியிடுவதில் நமது பங்கு மிகச் சிறியது. தங்கள் புகைக்கு நம் காட்டை ஈடு காட்டி ரசீது வாங்க அவர்கள் வருவார்களேயானால், அந்த வியாபாரத்தைச் சந்தேகத்துடனேயே பார்க்க வேண்டும். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே அதே ரசீது வியாபாரம் நடத்திக்கொண்டு அந்நியனை எந்த முகத்தோடு கண்டிப்பது?

பழங்காட்டின் இருப்பையும் நட்ட தோட்டத்தின் இருப்பையும் ஒன்றாகக் கூட்டாமல் தனித்தனியே வெளியிட வேண்டும். புல்வெளியின் மண்ணுக்கும் ஒரு பத்தி வேண்டும். 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்த அதிகாரத்தைப் பொருளற்றதாக்கும்படி, 2022ம் வருஷத்து விதிகள் மத்திய அனுமதிக்கு முன் சபையின் சம்மதம் தேவையில்லாமல் செய்தன. அதை மாற்ற வேண்டும். இவை டில்லியின் வேலை. தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்கள் சென்னையிலேயே கேட்கக்கூடியவையும் சில உண்டு: அகராதிப்படி காடாகும் நிலங்களின் பட்டியல், ஜில்லா வாரியாக, எங்கே? ஈட்டு வனம் என்று எந்தெந்தக் கிராமத்தில், எவ்வளவு நிலத்தில், என்னென்ன ஜாதி மரம் நட்டார்கள்? ஐந்து வருஷம் கழித்து அவற்றில் எத்தனை உயிரோடிருந்தன?