மழை பெய்யாத நாளின் கைத்தட்டல்

2012 ஜூன், மூன்றாவது வாரம் என்று ஞாபகம். மும்பையில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடி. நான் எழுதியிருந்த சின்ன ஸ்க்ரிப்ட் ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணக்கைத் தினமும் எடுத்து, இயல்பைவிட எங்கே எவ்வளவு குறைவு என்று படமாகப் போட்டுக் காட்டும். அன்றைக்குப் படம் பூராவும் சிவப்பு. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த டெஸ்க் தலைவர் என் தோளைத் தட்டி "பியூட்டிஃபுல்" என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள். அவர்கள் சோயாவிலும் கொண்டைக்கடலையிலும் லாங் போயிருந்தார்கள். மழை வராவிட்டால் விலை ஏறும்.

இரவு அப்பா போன் பண்ணினார். "மேட்டூர் தெறக்கல தம்பி. இந்த வருசம் குறுவ அவ்ளோதான்."

வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிற அணை அந்த வருஷம் செப்டம்பர் 17இல்தான் திறந்தது. என் வரைபடத்தின் சிவப்பும் அப்பா சொன்னதும் ஒரே சேதிதான். எனக்கு அது உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. இந்த இரண்டு நாள் தாமதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷா வருஷம் கோடை முடிந்ததும் இணையத்தில் ஒரு வகைக் கட்டுரை வந்துவிடும். 'ட்ரேடிங் ஃப்ளோரில் என் பத்து வாரங்கள்.' எழுதுகிற பிள்ளை ஏதாவது ஒரு பெரிய பொறியியல் கல்லூரி. எவ்வளவு உதவித்தொகை என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடும். பிறகு, அங்கே போய்த்தான் 'நிஜ உலகம்' என்ன என்று தெரிந்துகொண்டேன் என்று ஒரு வரி. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பிள்ளைகளோடு இல்லை. நானும் அப்படி ஒன்றை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினவன்தான்.

போகாதவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்துகிற கூட்டமெல்லாம் கிடையாது. மும்பைப் பங்குச் சந்தையிலேயே கூவி விற்கிற முறை 1995இல் கணினி வந்ததோடு போய்விட்டது. இப்போது இருப்பது நீள நீளமான மேஜைகள், ஆளுக்கு நாலு ஸ்க்ரீன், ஏசிக் குளிர். இன்டர்னுக்கு ஒரு டிரேடரின் பின்னால் நாற்காலி போடுவார்கள். பார்க்கலாம், தொடக் கூடாது. அப்போது காலை பத்துக்குச் சந்தை திறந்தது, விவசாயப் பொருட்கள் மாலை ஐந்தோடு முடிந்தன. தங்கமும் கச்சா எண்ணெயும் நியூயார்க்கோடு சேர்ந்து இரவு பதினொன்றரை வரை ஓடின. எனக்கு விவசாய டெஸ்க். ஆனாலும் ஐந்து மணிக்கு எழுந்து போன இன்டர்ன் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. முதல் வாரத்திலேயே மதியச் சாப்பாடு ஆர்டர் எடுக்கிற வேலை வந்து சேர்ந்தது. பதினெட்டுப் பேருக்கு. யாருக்கு வெங்காயம் வேண்டாம் என்பதை நான் மறக்கவில்லை என்பதைப் பெரிய தகுதியாகச் சொன்னார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மதிப்பீட்டுப் படிவத்திலேயே 'நுணுக்கத்தில் கவனம்' என்று எழுதினார்கள்.

நடுநடுவே கேள்வி பறந்து வரும். "இந்த அறைல எத்தன பேருக்கு ஜூலைல பொறந்தநாள்? வாங்குற விலை சொல்லு, விக்கிற விலை சொல்லு." தெரியாது என்று சொல்லக் கூடாது. தெரியாததற்கும் ஒரு விலை சொல்லத் தெரிய வேண்டும். ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல பயிற்சி. நிச்சயமில்லாத ஒன்றின் மேல் எவ்வளவு வைக்கலாம் என்று யோசிக்க என் நாலு வருஷப் பொறியியல் படிப்பு எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர்கள் பத்து நாளில் சொல்லித்தந்தார்கள்.

மீதி எல்லாம் பத்து வாரம் நீளுகிற ஒரு நேர்முகத் தேர்வு. வந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு வேலை. மற்றவனைவிட அரைமணி கூட உட்கார்வதுதான் போட்டி. இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் மோரிட்ஸ் எர்ஹார்ட் என்ற 21 வயது இன்டர்ன், தொடர்ந்து பல இரவுகள் கண்விழித்து வேலை பார்த்த பிறகு, குளியலறையில் இறந்து கிடந்தார். காரணம் வலிப்பு. களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றது விசாரணை. 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ், கோடைக்கால இன்டர்ன்கள் நள்ளிரவிலிருந்து காலை ஏழு வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. அப்படி ஒரு விதி போட வேண்டியிருந்தது என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தூக்கம் கெடுவதைவிட எனக்குப் பெரிய விஷயம் அந்த 'நிஜ உலகம்'. ஃப்ளோரில் வேதம்போல ஒரு சொல் உண்டு: விலையைக் கண்டறிதல். சந்தையில் ஆயிரம் பேர் ஆயிரம் தகவலோடு வருகிறார்கள், அவர்கள் மோதிக்கொள்கிற இடத்தில் சரியான விலை பிறக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இதன் பூர்வீகமும் அரிசிதான். ஒசாகாவில் தோஜிமா என்ற இடத்தில் 1730இல் அரசு அங்கீகாரத்தோடு நடந்த அரிசிச் சந்தையைத்தான் உலகின் முதல் ஒழுங்கான ஃப்யூச்சர்ஸ் சந்தை என்கிறார்கள். கிடங்கிலிருந்த அரிசிக்குச் சீட்டு, அந்தச் சீட்டை வைத்து வியாபாரம். இன்றைக்கு டீக்கடையில் பையன்கள் போனில் பார்க்கிற கேண்டில் சார்ட்கூட ஜப்பான் அரிசி வியாபாரிகளிடமிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள். நெல் விளைகிற மண்ணிலிருந்து போன எனக்கு இதை யாரும் அங்கே சொல்லவில்லை. பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதே 2012 ஜூனில் மத்திய அரசு சாதாரண நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை குவிண்டாலுக்கு 1080இலிருந்து 1250 ஆக்கியது. அதுதான் எங்கள் விலை. வருஷத்துக்கு ஒரு தடவை அசையும். அதைக் கண்டறிய ஆயிரம் பேர் மோதிக்கொள்ளவில்லை, டெல்லியில் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். மற்றபடி அப்பாவின் லாபத்தைத் தீர்மானிப்பது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதக் கருவி. 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லைத் திரும்பக் காயவைக்க வேண்டும். குறுவை அறுப்பு நடப்பது வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரத்தில். காயவைக்கக் களம் இல்லாமல் தார்ச்சாலையில் கொட்டுவோம். ராத்திரி மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவோம். எங்களுக்கு ரிஸ்க் என்றால் இதுதான். இதற்கு எந்த ஸ்க்ரீனிலும் எண் கிடையாது.

ஃப்யூச்சர்ஸ் இருப்பதே விவசாயி தன் விலையை முன்கூட்டியே பூட்டிக்கொள்ளத்தானே என்று கேட்பார்கள். கொள்கையளவில் சரி. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்த கொண்டைக்கடலை ஒப்பந்தம் ஒன்று பத்து டன். எங்களுக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். நாலரை டன் நெல் தேறினால் அது நல்ல போகம். பத்து வாரத்தில் அந்த மாடியில் ஒரு விவசாயியின் ஆர்டரையும் நான் பார்க்கவில்லை. பெயர் மட்டும் நாள் முழுக்க அடிபடும். 'ஃபார்மர் செல்லிங் வரும்', 'ஃபார்மர் ஹோல்ட் பண்றான்.' அப்புறம் 2021 டிசம்பரில் செபி பாஸ்மதி அல்லாத நெல் உட்பட ஏழு பொருட்களின் ஃப்யூச்சர்ஸை நிறுத்தியது, தடையை மறுபடி மறுபடி நீட்டித்தது. அதனால் டெல்டாவில் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு சந்தை இருந்ததே தெரியாது.

இந்த இடத்தில் சில இலக்கிய நண்பர்கள் சந்தோஷப்படுவார்கள், 'அதான் சொன்னோமே, சந்தையே பாவம்' என்று. கொஞ்சம் பொறுங்கள். நாற்றங்காலையும் வெண்ணாற்றையும் வைத்துக் கண்ணீர் மல்க எழுதிவிட்டு, நெல் என்ன விலைக்குப் போயிற்று என்று ஒரு வரிகூட எழுதாதவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. விலை என்றாலே அசிங்கம் என்று நினைப்பது நிலம் இல்லாதவர்களுக்கும் நிறைய இருப்பவர்களுக்கும்தான் கட்டுப்படியாகும்.

டெல்டாவில் ட்ரேடிங் ஃப்ளோர் இல்லை என்று நினைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பருத்தி மறைமுக ஏலம். முதல்நாள் ராத்திரியே டாட்டா ஏஸிலும் டிராக்டரிலும் பொதிகள் வந்து இறங்கிவிடும். மாமாவோடு ஒரு தடவை போய் ராத்திரி அங்கேயே படுத்திருந்தேன். காலையில் வியாபாரிகள் வருவார்கள், உள்ளூர்க்காரர்கள், கொங்குப் பக்கத்து மில்லுக்கு வாங்குகிறவர்கள், சில வருஷம் இந்தியப் பருத்திக் கழகத்தின் ஆள். பொதிக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார்கள். விரலால் இழுத்து இழை நீளம் பார்ப்பார்கள், கன்னத்தில் வைத்து ஈரம் பார்க்கிறவரும் உண்டு. முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்கள். சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி திறந்து லாட் வாரியாக அதிக விலையை வாசிக்கும்போது அந்தக் கொட்டகையில் விழுகிற அமைதி மும்பையில் ஒருநாளும் நான் கேட்காதது.

மாமாவுக்கு வந்த விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் வண்டி வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது, வானம் மூடியிருக்கிறது, அடுத்த ஏலம் அடுத்த வாரம். "என்னடா மாப்ள, குடுத்துரவா?" என்று என்னைக் கேட்டார். உலகச் சந்தையில் பருத்தி என்ன விலை என்று போனில் பார்த்துச் சொன்னேன். "அது கெடக்கட்டும், இவன் அடுத்த வாரம் எத்தன தருவான், அதச் சொல்லு" என்றார். சொல்லத் தெரியவில்லை. கொடுத்துவிட்டார். இந்தக் கூடத்தை நான் கோயிலாக்கவில்லை. வியாபாரிகள் கூடிப்பேசி விலையை அமுக்குகிறார்கள் என்று விவசாயிகள் சாலை மறியல் செய்வதெல்லாம் டெல்டாவில் புதிதில்லை. ஆனால் அங்கே விலைக்கு ஒரு முகம் இருக்கிறது. திட்டலாம், மறிக்கலாம். என் சிவப்புப் படத்தை அப்படி யாரும் மறிக்க முடியாது.

இப்போது அந்த மாடி எல்லோர் பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது. தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பையன் ஆப்ஷன் வாங்குகிறான். 2022இலிருந்து 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபியே கணக்குக் கொடுத்தது. எதிர்ப்பக்கத்தில் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பங்கு அல்காரிதம் வழியாக வந்தது. அந்த அல்காரிதத்தின் ஓரத்தில் எங்கேயோ ஒரு இன்டர்ன் எழுதிய ஸ்க்ரிப்ட் இருக்கும். தோளில் தட்டியிருப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் பிளேஸ்மெண்ட் பார்க்கிற சார்களிடம் நான் கேட்பது இதுதான்: பத்து வாரத்துக்கு நாலு பிள்ளைகளை விற்பனைக் கூடத்துக்கும், அக்டோபரில் கொள்முதல் நிலையத்துக்கும் அனுப்பிப் பாருங்கள். போன மாசம் எந்த லாட் என்ன விலைக்குப் போயிற்று என்று மாமா கையில் ஒரு பக்கம் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டிருக்க மாட்டார். எந்த நிலையத்தில் எத்தனை மூட்டை வரிசையில் நிற்கிறது, நாளைக்கு அங்கே மழையா என்று சொல்ல என் பழைய ஸ்க்ரிப்டே போதும், பத்து வரி மாற்றினால் ஆயிற்று. ஒரு கல்லூரியில் இதைச் சொன்னபோது, "நல்ல யோசனை சார், ஆனா ரெஸ்யூம்ல எப்படிப் போடறது?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அவன் வயதில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எனக்கு வேலை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் சேர்ந்திருப்பேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. கடைசி நாள் உதவித்தொகை வங்கியில் ஏறியது. நல்ல வருஷத்தில் ஒரு போகத்தில் நாங்கள் பார்ப்பதைவிட அதிகம். ஊருக்கு வந்து அப்படியே அப்பாவிடம் கொடுத்தேன், சொசைட்டிக் கடனைக் கட்டினார். வயலில் வெடிப்பு கால் நுழைகிற அகலத்துக்கு இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்து ரசீதை மடித்துக்கொண்டே, "எதுக்குத் தம்பி இவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் வேலப்பா" என்றேன்.