விற்ற வாகனத்தை விசாரிக்கலாமா?

விற்றுக் காசு வாங்கிய பின்னர் ஒரு பொருளைப் பற்றி விசாரிப்பவனை உலகம் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறது. விலை குறைவென்று இப்பொழுது வருந்துகிறானோ, திருப்பிக் கேட்க எண்ணுகிறானோ என்று வாங்கியவர் அஞ்சுகிறார்; "போனது போகட்டும்" என்று வீட்டார் சலித்துக்கொள்கின்றனர். அவன் விசாரிப்பது ஒரு பழைய மோட்டார் காரைப் பற்றியதாயின் சிரிப்பதற்கும் ஆட்கள் சேர்ந்துவிடுவர். அந்தச் சிரிப்புக்கு ஆளானவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், முன்பு தமக்குரியதாயிருந்த வாகனம் இன்று எங்கே, எந்நிலையில் உள்ளது என்று தேடுவது தகும் என்பதும், எமது நாட்டைப் பொறுத்தவரை அது அவசியமுமாகும் என்பதும் என் துணிபு.

எமது கிராமங்களிலே மாட்டை விற்பவர் மாட்டைக் கொடுப்பாரேயன்றி அதனைக் கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்கமாட்டார். வாங்குபவர் தமது கயிற்றைக் கொண்டுவந்துதான் பிடித்துச் செல்ல வேண்டும். பின்னொரு நாள் சந்தையிலே அவரைக் கண்டால், "மாடு எப்படி? கன்று ஈன்றுவிட்டதா? பால் எவ்வளவு?" என்று விற்றவர் கேட்பார். அதனை எவரும் பேராசையென்று கொள்வதில்லை. கேட்காமற் போனாற்றான் குறையாக நினைப்பர்.

மாடு உயிருள்ளது, கார் வெறும் இரும்பு என்று சிலர் மறுக்கலாம். ஆனால் இந்த இரும்புக்கு ஒரு பெயர் இருக்கிறது. இலங்கையில் ஒரு வாகனத்தின் பதிவிலக்கம் உரிமையாளர் எத்தனை பேர் மாறினும் மாறுவதில்லை. இலக்கத் தகட்டைக் கண்டே காரின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஈ.என்., ஈ.வை. என்றவாறு ‘சிலோன்’ என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை 1950களின் நடுப்பகுதிவரை பதியப்பட்டவை. அதன்பின் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. 1958இல் வடக்கிலே அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டதையும், அவ்வாண்டிலேயே நாடு கண்ட கலவரத்தையும் மாணவர்கள் வரலாற்றிலே படித்திருப்பர். தகரத் துண்டின்மேல் எழுதிய ஓர் எழுத்துக்காக மனிதர் மோதிக்கொண்ட நாட்டிலே, அத்தகடுகளைத் தாங்கிய வாகனங்கள் என்னவாயின என்று கேட்பதை வெறும் பொழுதுபோக்கென்று எவ்வாறு தள்ளுவது?

பிரித்தானியாவில் வாழும் எம்மவர்க்கு இத்தேடல் மிக எளிது. அங்கே வாகன இலக்கத்தை மாத்திரம் கொடுத்தால், வரி செலுத்தப்பட்டுள்ளதா, வருடாந்தப் பரிசோதனையில் என்ன குறை காணப்பட்டது, எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பனவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உரிமையாளரின் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டிருக்கும். அவர்களது பதிவேடுகளும் முழுமையானவையல்ல. பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் தவணை 1983இல் முடிந்தபோது பல பழைய இலக்கங்கள் விடுபட்டுப்போயின. ஆயினும், அவ்வாறு விடுபட்ட இலக்கத்தை மீட்க விரும்புவோர் பழைய பதிவுப் புத்தகத்தையோ, மாவட்ட ஆவணக் காப்பகங்களில் எஞ்சியுள்ள பதிவேடுகளையோ சான்றாகக் காட்ட வழியுண்டு. மங்கிய மையில் எழுதிய ஒரு வரி அங்கே இன்றும் செல்லுபடியாகிறது.

எமது நாட்டிலோ கயிற்றை அறுத்துவிடும் வழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கிறது. ‘ஓப்பின் பேப்பர்’ என்று அதனைச் சொல்வர். விற்பவர், வாங்குபவரின் பெயரை எழுதாமலே உரிமை மாற்றப் பத்திரத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறார். அப்பத்திரத்தோடு வாகனம் மூன்று கை, நான்கு கை மாறும். பதிவேட்டிலோ முதலில் விற்றவரே இன்னும் உரிமையாளர். எங்கோ நிகழ்ந்த விபத்துக்கு நீதிமன்றக் கட்டளை அவரது வாசலுக்கு வருகிறது. உரிமை மாற்றத்தை அறிவிக்கும் கடமை விற்பவருக்கும் உண்டு என்பது சட்டம். எனவே, விற்ற வாகனத்தை விசாரிப்பது குறைந்தபட்சம் தற்காப்பென்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது தற்காப்பு மாத்திரமன்று.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டில்களிலே முடங்க, ‘ஏ போட்டி’ என்று எம்மவர் அழைக்கும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. ஆதலின் மட்டமான எரிபொருளையும் தாங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. சிறு போத்தலில் பொன்போற் காத்த பெற்றோலிற் கொஞ்சம் விட்டு, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் சொல்லி முடியா. நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலைக்குச் சென்றது அக்கார்களிலேதான். ஒஸ்ரின் ஏ40இல் ‘சோமசெற்’ என்னும் வகை 1952 முதல் 1954 வரை மாத்திரமே உற்பத்தி செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அது யாழ்நகரின் வாடகைக் கார் தரிப்பிடத்தில் நின்றமைக்குக் காரணம் பழைமை மீதான மோகமன்று. வேறு வழியின்மையும், எம்மவர் கராச்களின் கைத்திறனுமே.

என் கையிலிருந்து போன கார்கள் இரண்டு. முதலாவது ஒரு மொறிஸ் மைனர். 1984இல் சக ஆசிரியர் ஒருவருக்கு அதனை முறைப்படி மாற்றிக் கொடுத்தேன். பெயர் பெயராகத் தொடர்ந்து விசாரித்ததில், 2002இல் ஏ9 பாதை திறந்தபின் அது குருநாகலுக்குச் சென்றதென அறிந்து, இன்றைய உரிமையாளரோடு தொலைபேசியிற் பேசினேன். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும் ஒரு காரைப் பற்றிப் பேசப் போதியனவாயிருந்தன. அவர் வர்ணத்தைச் சுரண்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். நான்கு படை வர்ணம் கண்டாராம். எது முதல் நிறம் என்று என்னைக் கேட்டார். சாம்பற் பச்சை என்றேன். அவர் மகிழ்ந்தார். பழைய உரிமையாளன் விசாரிப்பதால் புதியவருக்கும் பயனுண்டு என்பதை அன்று கண்டேன்.

இரண்டாவது ஏ40. 1989இல் கிளிநொச்சி விவசாயி ஒருவர் வாங்கினார். 2008வரை அதனைக் கண்டவர்கள் இருந்தனர். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். மகள் இருந்தார். பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பையில் வைத்துக் கடைசிவரை சுமந்துவந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எனது பெயரின் கீழே அவர் தகப்பனாரின் பெயர் இருந்தது. காரும் இல்லை, தகப்பனாரும் இல்லை. "ஐயா, நீங்கள் காரை விசாரித்து வந்தீர்கள். அப்பாவை விசாரித்து ஒருவரும் வந்ததில்லை" என்றார் அப்பெண். நான் விசாரித்தது இருவரையுமே என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

2009இன் பின் முள்ளிவாய்க்காலைச் சூழ்ந்த நிலத்திலே பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் துவிச்சக்கர வண்டிகளும் துருப்பிடித்துக் குவிந்துகிடந்ததைப் பலர் நேரிற் கண்டனர். பலர் படங்களிற் கண்டனர். காலப்போக்கில் பெரும்பகுதி பழைய இரும்பாயிற்று. பதிவு பெற்ற ஒவ்வொரு வாகனத்தின் எஞ்சினிலும் சட்டகத்திலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இலக்கமும் ஒரு குடும்பம் அந்த நெடுவழியில் எதுவரை வந்தது என்பதற்குச் சாட்சி. இரும்பை உருக்கலாம், உருக்குமுன் இலக்கத்தை எழுதிக்கொள்வது ஒன்றும் பெரிய வேலையன்று.

ஆதலின், மூன்று செய்திகளை வற்புறுத்துகிறேன். வெற்றுப் பத்திரத்திற் கையொப்பமிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். முன்னைய உரிமையாளர் தமது வாகனம் இன்னும் பாவனையில் உள்ளதா, அழிந்துவிட்டதா என்பதை, இன்றைய உரிமையாளரின் அந்தரங்கத்திற்கு ஊறின்றி எளிதில் அறிய வழி வேண்டும். பழைய பதிவுப் புத்தகங்களைக் கழிவுத்தாளென்று எறியாமல் ஆவணமாகப் பேண வேண்டும். ‘நூலகம்’ 2005 முதல் எமது ஏடுகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேமித்து வருகிறது. அத்தகைய முயற்சிகளில் இப்புத்தகங்களும் இடம்பெறத் தக்கவை. 

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவே தொடங்கலாம். பேரனோ பேர்த்தியோ வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அங்கே ஒரு பதிவுப் புத்தகம் இருக்குமாயின், கறையான் அரிக்குமுன் அதிலுள்ள இலக்கத்தையும் பெயர்களையும் வரிசை பிசகாமல் ஒரு கொப்பியிலே எழுதிக்கொள்ளட்டும். பின்னர், அப்பெயர்களுக்கு உரியவர்களுள் இருப்பவர் எவர் என்று விசாரிக்கட்டும்.